நாகைக் கடலில் ஹாம் ரேடியோ: படகில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தரங்கம்பாடிக்கும் கோடியக்கரைக்கும் நடுவில் உள்ள கரைக்கடலில் சிறிய ஃபைபர் படகில் போய்வருவது என் வழக்கம். அரசு உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக, தொழில் கலக்காமல் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. உரிமம் வாங்கிய நாளிலிருந்து கையில் ஹாம் செட் இல்லாமல் போனதில்லை. படகு வைத்திருக்கும் நண்பர்களும், ரேடியோவில் ஆர்வம் உள்ள கல்லூரிப் பிள்ளைகளும், சில வீடுகளில் அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

செல்போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?

செல்போன் கோபுரங்கள் ஊரைப் பார்த்து நிற்கின்றன, கடலைப் பார்த்து அல்ல. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே சிக்னல் ஒரு கோடாகிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் அதுவும் இல்லை. கரையிலேயே கோபுரங்கள் செயலிழக்கும் நாட்களும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறிய பிறகு, மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் போனுக்குச் சார்ஜ் போடக்கூட வழியில்லாமல் கிடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. போனில் ஒருவரோடு மட்டுமே பேச முடியும், அவர் எடுக்காவிட்டால் அவ்வளவுதான். ரேடியோவில் அழைத்தால் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். கடலில் அதன் மதிப்பே வேறு.

அப்படியானால் ஹாம் செட் ஒன்று போதுமா?

போதாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடலோரக் காவல்படை ஹாம் அலைவரிசைகளில் காது வைத்துக் காத்திருப்பதில்லை. அவர்களும் கப்பல்களும் கேட்பது மரைன் விஎச்எஃப் (கடல் போக்குவரத்துக்கான மிக உயர் அலைவரிசை ரேடியோ) 16-ஆம் சேனல், அதாவது 156.800 மெகாஹெர்ட்ஸ். சிக்னல் இருக்கும் இடத்தில் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இலவச எண்கள் இருக்கின்றன. மீன்பிடிப் படகாக இருந்தால், இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியும் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் படகின் இடம் மீட்பு மையத்துக்குப் போய்விடும்.

உயிர்காப்பு உடை, மரைன் செட், அந்தக் கருவி எல்லாம் முதல் வரிசை. ஹாம் செட் இரண்டாவது வரிசையில் நிற்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத, அதே நேரம் வீட்டில் பதறிப்போகும் நேரங்களில் அதுதான் கைகொடுக்கும். மோட்டார் மக்கர் செய்கிறது, மெதுவாக வருகிறோம், இருட்டிவிடும் என்று சொல்வதற்கு யாரும் காவல்படையை எழுப்பப் போவதில்லை.

ஹாம் செட்டிலேயே 16-ஆம் சேனலைப் பிடித்துப் பேசக் கூடாதா? செட்டில் அந்த எண் வருகிறதே?

எண் வருகிறது என்பதால் உரிமை வந்துவிடாது. ஹாம் உரிமம் ஹாம் பட்டைகளுக்கு மட்டும்தான்: விஎச்எஃப்பில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், எச்எஃப்பில் (உயர் அலைவரிசை, அதாவது சிற்றலை) 7.000 முதல் 7.200, 14.000 முதல் 14.350 என்று வரையறுத்த துண்டுகள். மரைன் பட்டையில் பேச, அதற்கென அனுமதி பெற்ற செட்டும் உரிமமும் வேண்டும். இரண்டு செட்டும் படகில் இருப்பதே சரி.

உயிர் போகும் ஆபத்து என்றால் கதை வேறு. ஆபத்தில் இருக்கும் ஒரு நிலையம் கவனத்தை ஈர்க்கவும், தன் நிலையையும் இடத்தையும் சொல்லவும், உதவி பெறவும் கையில் உள்ள எந்த வழியையும் பயன்படுத்துவதை எந்த விதியும் தடுக்காது என்று சர்வதேச ரேடியோ ஒழுங்குமுறையே சொல்கிறது. அது மூழ்கும் படகுக்கான வாசல். டீசல் தீர்ந்த படகுக்கு அல்ல.

உரிமம் வாங்குவது கடினமா?

கடினமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். வயது 12 நிரம்பியிருந்தால் போதும். உரிமம் தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை நிர்வகிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். அடிப்படை மின்னணுவியல், ரேடியோ விதிகள் இரண்டிலும் தேர்வு இருக்கும். ரெஸ்ட்ரிக்டெட் பிரிவுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் குறியீடு) தேவையில்லை, 50 வாட் வரை பேசலாம், ரேடியோவில் உங்கள் பெயர்போலச் சொல்லும் அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் பிரிவுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். 400 வாட் வரை அனுமதி, குறி வி.யு.2. படகுக்கு 50 வாட்டே தாராளம்.

தேர்வு முடிந்த பிறகு போலீஸ் விசாரணையும் உண்டு, மாதங்கள் ஆகும். அதற்குள் செட்டை வாங்கிப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற வாக்கிடாக்கிகளை உரிமம் இல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

படகில் பேசத் தனி அனுமதி வேண்டுமா? இலங்கைப் பக்கம் போனால்?

உரிமத்தில் உங்கள் நிலையத்தின் முகவரி இருக்கும். படகில் நிரந்தரமாகப் பொருத்தப் போகிறீர்கள் என்றால், உரிமம் தந்த பிரிவுக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படகு வேறொருவருடையது என்றால் அதன் தலைவரின் சம்மதம் வேண்டும், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். கப்பலின் சொந்தக் கருவிகளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது. சர்வதேசக் கடலில் இருந்து பேசும் ஹாம்கள் குறியின் கடைசியில் மேரிடைம் மொபைல் என்று சேர்த்துச் சொல்வார்கள்.

இலங்கைக் கடற்பரப்பில் இந்திய உரிமம் செல்லாது. பாக் நீரிணையில் எல்லைக்கோடு மிக அருகில் ஓடுகிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த அந்தக் கோட்டை ரேடியோவுக்காக மட்டுமல்ல, எதற்காகவும் தாண்ட வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பலில் ஹாம் செட்டோடு ஏற நினைக்கிறவர்கள் இரண்டு நாட்டு அனுமதியையும் கப்பல் தலைவரின் சம்மதத்தையும் முதலில் வாங்க வேண்டும்.

மீன் விலை, ஐஸ், டீசல் பற்றி ஹாமில் பேசலாமா?

கூடாது. தொழில் சார்ந்த எந்தச் செய்திக்கும் ஹாமில் இடமில்லை. “அக்கரைப்பேட்டையில் இன்று வஞ்சிரம் என்ன விலை” என்று கேட்பது சாதாரணப் பேச்சுப் போலத் தோன்றும், ஆனால் விற்கப் போகும் மீனோடு கேட்டால் அது வியாபாரம். மீன்பிடித் தொழிலுக்கான பேச்சு மரைன் செட்டில்தான். சங்கேத மொழி, பாட்டு போடுவது, இவையும் கூடாது. தமிழில் பேசலாம். காலை நேரத்தில் 40 மீட்டர் பட்டையை (7 மெகாஹெர்ட்ஸ் பட்டையை அலைநீளத்தால் அப்படிச் சொல்வோம்) திறந்தால் தமிழும் மலையாளமும் கன்னடமும் காதில் விழும்.

கை செட் எவ்வளவு தூரம் எட்டும்?

பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்ப வேண்டாம். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், தூரத்தை நிர்ணயிப்பது பூமியின் வளைவு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

படகில் உட்கார்ந்தபடி பேசுகிறீர்கள், செட் தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் உங்கள் பங்கு 4 கிலோமீட்டர்தான். இன்னொரு படகிலும் அப்படியே என்றால் மொத்தம் 8. ஆன்டெனாவை ஒரு கம்பில் கட்டி 2 மீட்டருக்கு உயர்த்தினால் உங்கள் பங்கு 6 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். கரையில் மாடி வீட்டின் மேல் 9 மீட்டரில் ஆன்டெனா இருந்தால் அதன் பங்கு 12. ஆக 18 கிலோமீட்டர், சுமார் 10 கடல்மைல். அதே கரை ஆன்டெனாவை 25 மீட்டருக்கு ஏற்றினால் 26 கிலோமீட்டர், 14 கடல்மைல்.

இதில் வாட் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 5 வாட்டை 50 வாட்டாக்கினால் குரல் தெளிவாகும், அடிவானம் விலகாது. உயரம்தான் விலக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் ஒரு சின்ன செட்டை வைத்துக்கொண்டு மலையுச்சியிலிருந்து பாதித் தமிழ்நாட்டோடு பேசுவார்கள். நம் டெல்டா தட்டைத் தரை. இங்கே மலை இல்லை, நாமே உயரத்தைக் கட்ட வேண்டும். அதனால்தான் செட்டுக்குச் செலவு செய்யும் முன் கரையில் ஒரு நல்ல கம்பத்துக்குச் செலவு செய்யுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. காற்று அடங்கிய சில கோடை இரவுகளில் கடலின் மேல் வெப்பக்காற்று ஒரு போர்வைபோலப் படிந்து, ரேடியோ அலை அதற்கடியில் வெகுதூரம் வழுக்கிப் போகும். வேதாரண்யத்தில் இலங்கை எஃப்எம் உள்ளூர் நிலையம்போலக் கேட்பது அப்போதுதான். அந்த இரவுகள் கொண்டாட்டமானவை. ஆனால் அதை நம்பிக் கடலுக்குப் போக முடியாது.

கரையிலிருந்து தூரமாகப் போனால் எச்எஃப் உதவுமா?

உதவும். எச்எஃப் அலை வானத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் அடிவானம் தடையில்லை. பகலில் 40 மீட்டர் பட்டை 300, 400 கிலோமீட்டருக்கு நன்றாக இருக்கும், இரவில் 80 மீட்டர் (3.5 மெகாஹெர்ட்ஸ்). நாகையிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

பலர் தவறு செய்வது 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பட்டையில். படகில் சுலபமாக நிறுத்தக்கூடியது 5 மீட்டர் செங்குத்துக் கம்பி, அது 20 மீட்டர் பட்டைக்குச் சரியாகப் பொருந்தும். உப்புத் தண்ணீர் அருமையான எர்த் என்பதால் ஜப்பானும் ஐரோப்பாவும் தெளிவாக வரும். ஆனால் தஞ்சாவூர் வராது! அலை தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும், நடுவில் உள்ள ஊர்களில் விழாது. உங்களுக்கு உதவி தேவைப்பட்டால் அது தஞ்சாவூரிலிருந்துதான் வரவேண்டும், ஜப்பானிலிருந்து அல்ல. ஆகவே 40 மீட்டருக்கும் ஏதாவது ஏற்பாடு வைத்திருங்கள். அதன் முழு டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரட்டைக் கம்பி ஆன்டெனா, 20 மீட்டர் நீளம், சின்னப் படகில் அடங்காது. சுருள் சேர்த்துச் சுருக்கிய ஆன்டெனா கொஞ்சம் பலவீனமானது, ஆனாலும் வேலை செய்யும்.

நம் பகுதிக்கான சர்வதேச ஹாம் கூட்டமைப்பு அவசரத் தொடர்புக்கென 3.600, 7.110, 14.300 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றை மைய அலைவரிசைகளாக வைத்திருக்கிறது. இவற்றைச் செட்டின் நினைவில் பதிந்துவிடுங்கள்.

உப்புக்காற்றில் செட் தாங்குமா?

செட் தாங்கும், இணைப்புகள் தாங்காது. ஒருமுறை தரங்கம்பாடிக்கு வெளியே மோட்டார் நின்றுபோய் செட்டை எடுத்தேன். கேட்கிறது, ஆனால் நான் பேசுவது யாருக்கும் போகவில்லை. ஆன்டெனா கேபிளின் பிளக்குக்குள் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. முந்தைய மழையில் உள்ளே இறங்கிய தண்ணீர். கத்தியால் சுரண்டி, கம்பியை நேராகச் சொருகித்தான் பேசினேன். அதிலிருந்து ஒவ்வொரு இணைப்பின் மேலும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன். உள்ளே ஈயம் பூசிய கம்பியுள்ள கேபிள் விலை கூடுதல்தான், ஆனால் கறுக்காது.

கை செட் வாங்கினால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தில் வாங்குங்கள். அதையும் கயிறு போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். கடலில் விழுந்து எடுத்தால், பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். உப்போடு காயவிட்டால் செட் போய்விடும்.

பேட்டரி?

100 வாட் எச்எஃப் செட் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கு வைத்திருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி அதைத் தாங்காது. மோட்டார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் செட்டைக் கொடுக்க வேண்டாம், தனியாக வையுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் வேலை செய்யுமா?

காயலின் திறந்த நீரில் நன்றாக வேலை செய்யும். ஓடைக்குள் நுழைந்ததும் ஈர இலைகள் விஎச்எஃப்பை விழுங்கிவிடும், அதைவிட உயர்ந்த அலைவரிசையான யுஎச்எஃப்பை இன்னும் அதிகமாக. நுழையும் முன் கூப்பிட்டு, “உள்ளே போகிறோம், இத்தனை மணிக்கு வெளியே வருவோம்” என்று சொல்லிவிடுவதுதான் வழி.

இடி மின்னல் வந்தால்?

ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் ஆன்டெனாவைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, கம்பத்தைச் சாய்த்துப் படுக்கவையுங்கள். அதற்கு முன்பே கரைக்கு வந்துவிட்டால் இன்னும் நல்லது. வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் ரேடியோ இருக்கிறது என்ற தைரியத்தில் போகாதீர்கள்.

கடலோரப் போலீஸ் சோதனையில் சிக்கல் வராதா?

உரிமத்தின் நகல் பிளாஸ்டிக் உறையில் படகில் இருக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய், இன்ன செட், இன்ன குறி என்று சொல்லிவிடுங்கள். சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் நாட்களில் ஒவ்வொரு படகையும் நிறுத்திப் பார்ப்பார்கள். அவர்கள் வேலை அது. ஆனால் ஒன்று, வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த சாட்டிலைட் போனை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். துரையா, இரிடியம் போன்களை இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

ஆபத்தில் என்ன சொல்ல வேண்டும்?

“மேடே” என்று மூன்று முறை, படகின் பெயர், உங்கள் குறி, இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். இந்த வரிசையில், நிதானமாக, இரண்டு முறை. பிறகு பொத்தானை விட்டுவிட்டுக் கேளுங்கள். பதற்றத்தில் பொத்தானை விடாமல் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

இடத்தைச் சொல்வதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாகப்பட்டினத்தின் அகலாங்கு 10 டிகிரி 46 நிமிடம். சில போன்கள் அதையே 10.77 என்று தசமத்தில் காட்டும். “பத்து, நாற்பத்தாறு” என்று நீங்கள் சொல்ல, கேட்பவர் 10.46 என்று எழுதினால் தேடும் படகு 34 கிலோமீட்டர் தெற்கே, வேதாரண்யம் பக்கம் போய்விடும். ஒவ்வொரு முறையும் “டிகிரி”, “நிமிடம்”, “புள்ளி” என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே, “வேளாங்கண்ணிக்கு நேர் கிழக்கே 6 கடல்மைல்” என்று கரையை வைத்தும் சொல்லுங்கள்.

கரையில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது, ஆனால் கடைசியில்தான் கேட்கிறார்கள். நம் கரையோரத்தில் ஹாம்கள் குறைவு. எப்போது கூப்பிட்டாலும் யாராவது இருப்பார்கள் என்று நினைப்பது தவறு. கேட்பதற்கு ஆளில்லாத செட் படகில் வெறும் பாரம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு தற்செயலாக அந்தமானில் போர்ட் பிளேரில், அந்தத் தீவுகளுக்குரிய வி.யு.4 குறியோடு நிலையம் வைத்திருந்தது. உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள். தொலைபேசி செயலிழந்ததும் அதே நிலையம் தீவுகளிலிருந்து நலச் செய்திகளை நாட்டுக்குக் கடத்தத் தொடங்கியது. அங்கே ஆன்டெனா நின்றது, பேச ஆள் இருந்தது, இந்தியப் பெருநிலத்தில் அந்த அலைவரிசையில் ஏற்கனவே காது கொடுத்துக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. அதே நாளில் நாகைக் கரையில் ஆயிரக்கணக்கானவர்களை இழந்தோம். ஒவ்வொரு மீனவ ஊரிலும் ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான்.

நாங்கள் செய்வது எளிய ஏற்பாடு. புறப்படும் முன் ஒரு தாளில் போகும் இடம், ஆட்கள், திரும்பும் நேரம், அலைவரிசை, அது சரிப்படாவிட்டால் மாற்று அலைவரிசை எல்லாம் எழுதிக் கரையில் கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு மணியும் தொடங்கியதும் முதல் 5 நிமிடம் இரண்டு பக்கமும் செட்டைப் போடும். பேட்டரி மிச்சமாகும், எப்போது கேட்க வேண்டும் என்ற குழப்பமும் இல்லை. ஒரு முறை குரல் வராவிட்டால் பொறுப்போம். அடுத்த மணியும் வராவிட்டால் பக்கத்துப் படகுகளுக்குச் சொல்வோம். அதற்கும் பதில் இல்லையென்றால் 1554. இதெல்லாம் தாளிலேயே எழுதியிருக்கும், கரையில் இருப்பவர் யோசித்துத் தவிக்கத் தேவையில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆன்டெனா கட்டவும், பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்யவும் அதைவிட நல்ல காலம் கிடையாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் உரிமம் வேண்டுமா?

திரும்பப் பதில் பேச வேண்டுமென்றால் வேண்டும். என் தங்கை முதலில் ஆர்வமில்லாமல்தான் இருந்தாள். தரங்கம்பாடியில் மோட்டார் நின்ற அந்த மாலை, நான் பேசியது போகாமல் இருந்த முக்கால் மணி நேரம் அவள் செட்டின் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அடுத்த தேர்வுக்கு அவளே விண்ணப்பித்தாள். இப்போது வி.யு.3 குறி அவள் பெயரில் இருக்கிறது, மாடி ஆன்டெனாவின் பிளக்கை மாதாமாதம் பிரித்துப் பார்ப்பதும் அவள்தான். மாலை 5 மணிக்கு என் குறியைச் சொல்லி முடித்ததும் அவள் தன் குறியைச் சொல்வாள், பிறகு எப்போதும் அதே கேள்வி: “காத்து எந்தப் பக்கம் அண்ணே, வாடையா கச்சானா?”